பகுதியைச் சமமாக்காததால் போன ஒன்றரை மார்க்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைத் தேர்வு ரிசல்ட்டில் இந்த முறை என் ரேங்க் தேறிவிடும் என்று தெரிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்த விகிதக் கணக்கு வந்துச்சா?" போன தடவை அந்த ஒரு கணக்கைப் பற்றி வீட்டில் அவ்வளவு புலம்பியிருக்கிறேன்.

கணக்கு இந்த மாதிரிதான்: 2:3, 3:5, 7:10, 11:15. எது பெரியது? வித்தியாசம் குறைவாக இருந்தால் அதுதான் பெரிய விகிதம் என்று ஒரு ஷார்ட்கட் எழுதி வைத்திருந்தேன். 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் ஒன்றுதானே, சட்டென்று 'ஏ'யைக் கறுப்பாக்கினேன். பத்து விநாடி மிச்சம் பிடித்த பெருமை வேறு.

எழும்பூரில் மின்சார ரயில் ஏறி நுங்கம்பாக்கம் வருவதற்குள் குட்டு வெளிப்பட்டது. விகிதங்களைப் பின்னமாக எழுதினால் பகுதிகள், அதாவது கீழே வரும் எண்கள், 3, 5, 10, 15. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 30. அப்படியென்றால் 20/30, 18/30, 21/30, 22/30. விடை 11:15. வித்தியாசம் அதிகமாக இருந்த ஆசாமிதான் பெரியவர்! 3-ல் 1 குறைவது 10/30. 15-ல் 4 குறைவது 8/30 தான். ஷார்ட்கட் முழுப் பொய்யும் இல்லை. 2:3, 3:4, 4:5 என்று வித்தியாசம் ஒரே அளவாக இருந்தால் எண் பெரிதாகப் பெரிதாக விகிதமும் பெரிதாகும். நான் பாதியை மட்டும் எழுதி வந்திருக்கிறேன். ஒன்றரை மார்க்குக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் பல நாள் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஐ.ஏ.எஸ். படிக்கிறவர்கள், என் முன்னால் ஆறாம் வகுப்புக் கணக்கு. கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்குப் புரிய வைத்தது அம்மாதான். இட்லி மாவுக்கு அம்மா அரிசியும் உளுந்தும் 4:1, எதிர்வீட்டு அக்கா 7:2. யாருக்கு அரிசி அதிகம்? அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டு டம்ளர் உளுந்துக்கு நான் எட்டு போடறேன், அவ ஏழு." அவ்வளவுதான். உளுந்தைச் சமமாக்கிவிட்டு அரிசியைப் பார்க்க வேண்டும்.

என் நோட்டிலிருந்து:

- இரண்டே விகிதம் என்றால் குறுக்குப் பெருக்கல். 5:7, 7:10 என்றால் 5×10 = 50, 7×7 = 49. இவை 70-ஐப் பகுதியாக வைத்த தொகுதிகள்தான், அதாவது மேலே வரும் எண்கள். 5-ஐப் பெருக்கி வந்ததை 5-க்கு மேலேயே எழுதுங்கள்; நான் பலமுறை இடம் மாற்றியிருக்கிறேன்.
- 3:7, 4:9, 6:13 வந்தால் மீ.சி.ம. 819. வேண்டாம். தொகுதியை 12 ஆக்குங்கள்: 12/28, 12/27, 12/26. இப்போது பகுதி சிறியதே பெரியது, 6:13.
- 50 பைசாவுக்கும் 2 ரூபாய்க்கும், ரூபாயைப் பைசாவாக்கினால் 1:4. 25:1 ஆப்ஷனில் காத்திருக்கும்.
- ஒரு பாத்திரத்தில் பாலும் தண்ணீரும் 3:2, இன்னொன்றில் *தண்ணீரும் பாலும்* 5:7. இரண்டாவதை 7:5 என்று திருப்பிய பிறகே ஒப்பிட வேண்டும். 15/10, 14/10. முதல் பால்தான் கெட்டி.

வினாத்தாளில் வரும் 25 கணக்கையும் முதல் ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிடுங்கள், தமிழ்க் கேள்விகள் 100 அப்புறம். எல்லாரும் தலைகீழாகச் சொல்வார்கள். நான் மெதுவான ஆள், கடைசியில் கணக்கு வைத்தால் கை நடுங்கும். மனக்கணக்கில் புலி என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த முறை விகித ஒப்பீடு வரவே இல்லை. ஒருவர் 12 நாளில், மற்றவர் 18 நாளில் முடிக்கும் வேலைக் கணக்குதான் வந்தது. 3/36, 2/36 என்று பகுதியைச் சமமாக்கி எழுதினேன்.