காலியாகக் கிடந்த கட்டங்கள்

மீக்கடத்துத்திறன் (கடுங்குளிரில் சில பொருட்கள் மின்தடையை முற்றிலும் இழப்பது) பற்றிய கோட்பாட்டு ஆய்வில் தொடங்கி, தரவுக் கணிதத்துக்கு நகர்ந்து, கடைசியில் டிமென்ஷியா நோயாளிகளைப் பராமரிப்பவர்கள் குறித்த ஒரு கூட்டாய்வில் வந்து சேர்ந்தவன் நான். இவற்றுக்குள் என்ன சம்பந்தம் என்று பதவி உயர்வு நேர்காணல்களில் கேட்பார்கள். கேட்கும் குழுவில் துறைக்கு ஒருவராக அமர்ந்திருப்பதால், ஒருவருக்குத் திருப்தி தரும் பதில் மற்றவர்களுக்கு மழுப்பலாகவே படும். எனக்குத் தெரிந்த சம்பந்தம், போன இடமெல்லாம் அட்டவணையில் காலியாகக் கிடந்த கட்டங்களோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன் என்பதுதான்.

முனைவர் பட்ட நாட்களில் என் நெறியாளர் 1911ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இருந்த ஆய்வகத்தை அடிக்கடி நினைவுபடுத்துவார். திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வினுக்கு (ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) அருகே திடீரென்று மறைந்தபோது, கேமர்லிங் ஓன்னஸின் குழு அதை உடனே கண்டுபிடிப்பாகக் கொண்டாடவில்லை. எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டது. திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே, கருவி காட்டிய சுழியை ஓர் அளவீடாக ஏற்றுக்கொண்டது. சுழி வேறு, அளக்காமல் விட்டது வேறு என்பதை அன்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பேன். ஆனால் கோட்பாட்டாளனாகிய எனக்கு அளக்காமல் விடுபட்டது எதுவும் கண்ணில் பட்டதே இல்லை. மாணவர் யாராவது அளந்து, வரைபடமாக்கி, அளவீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் பிழைக்கோடுகளோடு கொண்டுவந்து தருவதுதான் எனக்குத் தரவு.

பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957இல் தந்த கோட்பாடு, எலக்ட்ரான்கள் இணைசேர்ந்து தடையின்றி ஓடுவதை அழகாக விளக்கியது. 1986இல் பெட்நார்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடு ஒன்றில் கண்ட மீக்கடத்துத்திறன் அந்தச் சட்டகத்துக்குள் எளிதில் அடங்கவில்லை. அடங்காததை அடக்க முயன்றே என் பத்தாண்டுகள் கழிந்தன. பிறகு, கோட்பாடு கைகொடுக்காத இடத்தில் தரவு கைகொடுக்குமா என்று பார்க்கும் காலம் வந்தது. ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனம் தொகுத்த சூப்பர்கான் தரவுத்தளத்தில் பல்லாயிரம் சேர்மங்களும், அவை மீக்கடத்திகளாக மாறும் மாறுநிலை வெப்பநிலைகளும் இருந்தன. அவற்றைக் கற்ற எங்கள் நிரல், எந்தச் சேர்மத்தைக் கொடுத்தாலும் ஏதோவொரு வெப்பநிலையில் அது மீக்கடத்தியாகிவிடும் என்று தாராளமாகச் சொன்னது. காரணம் எளிது. குளிர்வித்துப் பார்த்தும் மீக்கடத்தியாகாத பொருளைப் பற்றி யாரும் பெரும்பாலும் கட்டுரை எழுதுவதில்லை. எழுதாதது தரவுத்தளத்துக்கும் வருவதில்லை. இது எனக்குத் தெரிந்தே இருந்தது. கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் பராமரிப்பு ஆய்வுக்கும் போனேன். பங்கேற்ற ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு நாட்குறிப்புப் படிவம் கொடுத்திருந்தோம். நோயாளி எத்தனை முறை விழித்தார், பதற்றம் இருந்ததா, மருந்து உட்கொண்டாரா, பராமரிப்பவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பவற்றை இரவுதோறும் குறிக்க வேண்டும். மாதக் கடைசியில், பராமரிப்புச் சுமையை 0 முதல் 88 வரை மதிப்பிடும் ஸாரிட் வினாநிரலின் 22 கேள்விகளுக்கும் பதில் தர வேண்டும். திரும்பி வந்த படிவங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டங்கள் காலி. எனக்கு அது உற்சாகமாகக்கூட இருந்தது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஓர் அணியின், அதாவது எண்களாலான அட்டவணையின், சில உறுப்புகள் மட்டும் தெரிந்திருந்தாலும், அதன் தரம் (ஒன்றிலிருந்து ஒன்று பெற முடியாத வரிசைகளின் எண்ணிக்கை) குறைவாக இருந்தால், மற்றவற்றைத் துல்லியமாக மீட்டுவிடலாம் என்று கணித ஆய்வாளர்கள் காண்டெஸும் ரெக்டும் 2009இல் நிறுவிய தேற்றம் என் கைவசம் இருந்தது. இரண்டே நாட்களில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். வரைபடமும் வழவழவென்று வந்தது. நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களின் வீடுகள் வியக்கத்தக்க அமைதியோடு இருந்தன.

எங்கள் குழுவிலிருந்த செவிலியர் அந்த வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன், நீங்களும் ஒருமுறை வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். என் அட்டவணையில் 17ஆம் எண்ணாக இருந்த மூதாட்டியின் வீடு அது. அவருடைய மகள் படிவக் கட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். வெள்ளிக்கிழமைவரை நிதானமான, அழகான கையெழுத்து. சனிக்கிழமைக் கட்டத்தில் பேனா நுனி பட்ட ஒரு புள்ளி மட்டும். அடுத்த மூன்று நாட்கள் வெறுமை. அந்தப் புள்ளி என்னவென்று கேட்டேன். "எழுத உட்கார்ந்தேன் சார். அதுக்குள்ள அம்மா கதவைத் திறந்துட்டு வெளியே போயிட்டாங்க. அன்னைக்கு மட்டும் மூணு தடவை. அப்புறம் பேனாவை எங்கே தேடுறது?" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மூதாட்டி வந்து, என்னைத் தன் தம்பி என்று எண்ணி, எப்போது வந்தாய் என்று விசாரித்தார். இப்போதுதான் வந்தேன் என்றேன்.

நான் நம்பிய தேற்றம் ஒரு நிபந்தனையோடு வருகிறது: தெரிந்த உறுப்புகள் அணி முழுவதிலிருந்தும் சமவாய்ப்பு முறையில் கிடைத்திருக்க வேண்டும். தரவு விடுபட்ட காரணத்தை எப்போது பொருட்படுத்தாமல் விடலாம் என்பதைப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இலேயே வரையறுத்திருந்தார். இரண்டையும் வகுப்பில் நடத்தியவன் நான். எங்கள் படிவங்களில் கட்டம் காலியாக இருந்ததற்குக் காரணமே, அந்தக் கட்டத்தில் வந்திருக்க வேண்டிய எண்தான். நல்ல இரவுகளைக் கொண்டு மோசமான இரவுகளை நிரப்பி, அந்த மகளை நான் நிம்மதியாகத் தூங்க வைத்திருந்தேன்.

ஒருமுறை அது கண்ணில் பட்டுவிட்டால் எங்கும் படுகிறது. எம்ஆர்ஐ அறையில் நின்றபோது, அந்தக் கருவிக்குள் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும் நியோபியம்-டைட்டேனியம் மீக்கடத்திக் கம்பிச் சுருளைப் பற்றி எனக்கு ஒரு மணி நேரம் பேசத் தெரிந்திருந்தது. அதன் தடதடப்பைக் கேட்டு மிரண்ட ஒரு முதியவரை அசையாமல் படுக்கவைக்கத் தெரியவில்லை. அவருடைய மனைவி அவர் பாதத்தைப் பிடித்தபடி நின்றும் பயனில்லாமல், சில நிமிடங்களில் நிறுத்திவிட்டார்கள். 'படம் பயன்படாது' என்று பதிவாயிற்று. அசையாமல் படுக்க இயலாதவர்களில் பலரும் நோய் முற்றியவர்கள். ஆக, மூளைப் படங்களின் தொகுப்பிலும் அவர்களே குறைவாக இருந்தார்கள்.

படிவத்தை மாற்றினோம். 'நேற்று எழுத முடியவில்லை' என்று ஒரே ஒரு கட்டம் சேர்த்து, மறுநாள் பகலில் குறித்தால் போதும் என்றோம். குறித்த வீட்டுக்குச் செவிலியர் தொலைபேசியில் பேசினார். கணக்கிலும், விடுபடுவதற்கான நிகழ்தகவையே கணித மாதிரியின் ஒரு பகுதியாக்கினேன். வரைபடம் முன்பு போல வழவழப்பாக இல்லை; பிழைக்கோடுகள் நீண்டுவிட்டன. மதிப்பீட்டாளர் ஒருவர் அதைக் குறையாகக் குறிப்பிட்டார். எத்தனை இரவுகளைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாதோ அத்தனைக்கு அவை நீண்டிருக்கின்றன என்று பதில் எழுதினேன்.

அதன் பிறகு, ஆய்வகத்தில் மாதிரிகளைத் தயாரிக்கும் பழைய நண்பரிடம் போய், கட்டுரையாக வராத அளவீடுகளின் குறிப்பேடுகள் ஏதும் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசு படிந்த நான்கு தடித்த குறிப்பேடுகளை எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் ஒரு சேர்மத்தின் பெயரும் தேதியும் இருந்தன. கீழே, '2 கெல்வின் வரை பார்த்தாயிற்று, மாற்றமில்லை' என்று எழுதியிருந்தது.