அப்பாவுக்கு ஒரு ரிமோட்: பொங்கல் விடுமுறை நாட்குறிப்பு

ஜனவரி 11, 2025, சனி

காலை ஆறரைக்குப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். பையில் துணிமணியைவிட வயர்தான் அதிகம். அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏல, பொங்கலுக்குத்தான வந்திருக்க? இதுல உனக்கு என்ன சோலி?" என்றாள்.

சோலி இதுதான். ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியது. பழைய விலைக்கு வாங்கி, டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, கோடியை ஏற்றிவைத்தேன். கோடி என்றால் எண்ணிக்கை இல்லை, படம், பாட்டு ஓட்டும் மென்பொருளின் பெயர். பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்து, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் கோடி ஆனது. அப்பாவின் பழைய படங்கள், கச்சேரிகள், அக்கா கல்யாண வீடியோ எல்லாம் பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன.

எல்லாம் இருந்தும் அப்பா அதைத் தொடுவதில்லை. காரணம், இயக்குவதற்கு நான் கொடுத்த உள்ளங்கை அளவு வயர்லெஸ் கீபோர்டு. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. படத்தை நிறுத்தப் போனால் வேறு என்னவோ திறக்கும். ஒரு நாள் "இது நமக்கு ஒத்து வராது" என்று டிவி ஸ்டாண்டில் வைத்தவர்தான். இன்று பார்த்தால் அதன்மேல் தூசி படிந்திருக்கிறது.

டிவி ரிமோட்டாலேயே கோடியை நகர்த்தலாம். எச்டிஎம்ஐ வயர் வழியாகவே போகும் சிஇசி என்ற வசதி, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் தானாகவே உண்டு. சாதாரண பிசிக்களில் பெரும்பாலும் கிடையாது, இதிலும் கிடையாது. அகச்சிவப்பு ரிமோட் என்றால் நேர்கோட்டில் பெட்டியைப் பார்க்க வேண்டும். பெட்டியோ டிவி முதுகில் ஒளிந்து கிடக்கிறது. மிச்சம் புளூடூத். பெயர் தெரியாத கம்பெனியின் ரிமோட் ஒன்றும், கம்ப்யூட்டருக்குப் புளூடூத் தர யுஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறேன். ரிமோட்டில் மொத்தம் பன்னிரண்டே பட்டன். அப்பா கையில் வாங்கிப் பார்த்து, "இதுல ஏபிசிடி இல்ல, நல்லது" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

டாங்கிளைச் செருகியதும் லினக்ஸ் அடையாளம் கண்டுகொண்டது. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைவழியாக அந்தப் பெட்டிக்குள்ளே போய், புளூடூத்துக்குக் கட்டளை கொடுக்கும் புளூடூத்சிடிஎல் நிரலைத் திறந்து, பவர் ஆன், ஏஜென்ட் ஆன், ஸ்கேன் ஆன். திரையில் தெருவே வரிசையாக வந்தது: எதிர்வீட்டு டிவி, யாருடையதோ ஸ்பீக்கர், பெயரே சொல்லாத ஏழெட்டு முகவரிகள். ரிமோட்டில் ஹோம், பேக் இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். விளக்கு சிமிட்டியது. பட்டியலில் ரிமோட்டும் வந்தது.

ஸ்கேனை நிறுத்தி, முகவரியை நகலெடுத்து வைத்தேன். அம்மா காபி என்று கூப்பிட்டாள். குடித்துவிட்டு வந்து "பேர்" (pair), அதாவது ஜோடி சேர்க்கும் கட்டளை கொடுத்தால், "டிவைஸ் நாட் அவைலபிள்". மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே பதில். மூன்றாவது முறைதான் உறைத்தது. பேரிங் ஆகாத கருவியை ஸ்கேன் நின்றபின் லினக்ஸ் அரை நிமிஷம்தான் ஞாபகம் வைத்திருக்கும், அப்புறம் பட்டியலிலிருந்து கழற்றிவிடும். ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரிமோட் விளக்கு சிமிட்டும்போதே பேர் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். "பேரிங் சக்சஸ்ஃபுல்". கையோடு டிரஸ்ட், கனெக்ட் இரண்டையும் முடித்தேன். டிரஸ்ட்டை விட்டால் ரிமோட் தூங்கி எழுந்து வரும்போது அனுமதி கேட்டு நிற்க நேரலாம். ஹாலில் உட்கார்ந்திருக்கும் அப்பா எங்கே போய் அனுமதி கொடுப்பார்?

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், "புளூடூத்துனா நீலப் பல்லா?" என்று கேட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயர் அது என்றேன். பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்பதால், 1997-இல் இன்டெலில் இருந்த ஜிம் கார்டாக் அந்தப் பெயரைச் சொல்ல, தற்காலிகமாக வைத்தது அப்படியே நிலைத்துவிட்டது. அந்தச் சின்னமும் ராஜாவின் பெயரெழுத்து இரண்டைப் பழைய ரூனிக் எழுத்தில் ஒட்டியதுதான். அப்புறம் ஒரு மணி நேரம் ரிமோட் பேச்சே இல்லை. ராஜா பேச்சுதான்.

இரவு கோடியைத் திறந்து பார்த்தேன். மேலே, கீழே, இடது, வலது எல்லாம் வெண்ணெயாக நகர்கிறது. ஓகே அமுக்கினால் மட்டும் கல். எந்தப் படத்தின் மேல் வேண்டுமானாலும் போய் நிற்கலாம், உள்ளே நுழைய முடியாது.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலையில் தெருவில் ஒரே புகை. அம்மா பழைய பாயை எரிக்க எடுத்துப் போகும்போது அந்தக் குட்டிக் கீபோர்டையும் பார்த்து, "இதையும் போட்டுறவா?" என்றாள். இன்னும் ஒரு நாள் பொறு என்றேன்.

ஓகே பட்டனின் கதை. இவ்தெஸ்ட் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. எந்தப் பட்டனை அமுக்கினாலும் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்கு என்ன எண் போகிறது என்று காட்டும். மேல்நோக்கிக்கு 103, கீழ்நோக்கிக்கு 108. ஓகே அமுக்கினேன்: 353, பெயர் கீ_செலக்ட். ஆக ரிமோட் ஒழுங்காகத்தான் சொல்கிறது, கர்னலும் ஒழுங்காகத்தான் கேட்கிறது. சிக்கல் அதற்கு மேலே. என் கோடி ஓடுவது எக்ஸ்11 என்ற திரை அமைப்பின் மேல். எண்பதுகளில் எழுதிய நெறிமுறை அது. விசை எண்ணுக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். 8 முதல் 255 வரைதான் எண். கர்னல் தரும் எண்ணோடு 8 கூட்டித்தான் எக்ஸுக்குப் போகும். 353-உடன் 8 சேர்த்தால் 361. அந்த எண்ணுக்கு அங்கே நாற்காலி இல்லை. பிழைச்செய்தி கிடையாது, முணுமுணுப்பு கிடையாது, அப்படியே கீழே போட்டுவிடும். இந்த வகை ரிமோட் செய்கிறவர்கள் ஆண்ட்ராய்டு டிவியை மனதில் வைத்துச் செய்கிறார்கள். அங்கே எக்ஸே இல்லை, அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லையும் இல்லை.

மாற்று வழி, எண்ணைக் கர்னலிலேயே திருத்துவது. புளூடூத் ரிமோட் தன்னை ஒரு கீபோர்டு என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ் எல்லாம் பேசும் அதே எச்ஐடி பாஷை. அதில் ஓகே பட்டனுக்குரிய குறியீடு சி0041. லினக்ஸில் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ்வுக்கு எச்டபிள்யூடிபி என்று ஒரு கருவிப் பட்டியல் உண்டு. அதற்கான கோப்பில், இந்த ரிமோட்டிலிருந்து சி0041 வந்தால் என்டர் என்று எடுத்துக்கொள் என இரண்டு வரி எழுதினால் போதும்.

அந்த இரண்டு வரிதான் மத்தியானம்வரை இழுத்தது. முதல் வரியில் எந்தக் கருவி என்று சொல்ல வேண்டும். புளூடூத்துக்கு 0005, அப்புறம் தயாரிப்பாளர் எண், பொருள் எண். அவை ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்தும் கலந்து வரும் பதினாறடிமான எண்கள். நான் அந்த எழுத்துகளைச் சின்ன எழுத்தில் அடித்திருந்தேன். அது பெரிய எழுத்தில் இருந்தால்தான் பொருந்தும். அதைத் திருத்தியும் வேலை செய்யவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால், இரண்டாவது வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விட்டிருக்க வேண்டும், நான் விடவில்லை. ஒரே ஓர் இடைவெளி. இடைவெளி விட்டு, தரவுத்தளத்தைப் புதுப்பித்து, யூடெவ் டிரிகர் கொடுத்து, ஓகே அமுக்கினேன். இவ்தெஸ்டில் 28 என்று வந்தது. என்டர்!

"என்ன கத்துத?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள். ஒண்ணுமில்ல என்றேன். நான் கத்தியதே எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பால் பொங்கியது, கரும்பு, பனங்கிழங்கு, சித்தப்பா வீட்டார் வருகை. சாயந்திரம் எல்லாரும் அக்கா கல்யாண வீடியோ பார்க்கலாம் என்றார்கள். ரிமோட் அப்பா கையில், அரங்கேற்றம்.

மானம் போயிற்று. தாலி கட்டும் இடத்தில் சித்தி "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்கிறாள், அப்பா அமுக்குகிறார், வீடியோ பாட்டுக்கு ஓடுகிறது. நாலாவது அமுக்கில் நின்றது, ஆனால் அதற்குள் பந்தியே முடிந்திருந்தது. டிவி பக்கத்தில் போய் நின்று அமுக்கினால் உடனே கேட்கிறது; சோபாவிலிருந்து கேட்கவில்லை. நடுவில் ஐந்தடி தூரம்தான்.

எல்லாரும் கிளம்பியதும் யோசித்தேன். நேற்று இரவு இணையத்திலிருந்து ஒரு கச்சேரி ஓட்டியபோது ரிமோட் நன்றாகத்தான் வேலை செய்தது. இன்று ஓடியது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. அந்த டிஸ்க் யுஎஸ்பி 3. அதற்கு ஒட்டினாற்போல அடுத்த துளையில் புளூடூத் டாங்கிள். சட்டென்று பொறி தட்டியது. யுஎஸ்பி 3 ஓடும்போது வரும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் போய் விழும் என்று இன்டெலே 2012-இல் ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. புளூடூத் பேசுவதும் அதே பட்டையில்தான். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத், அந்தப் பட்டையை 40 தடங்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. ஒரு தடத்தில் தொந்தரவு என்றால் இன்னொன்றுக்குத் தாவிவிடும். பக்கத்து வீட்டு வைஃபையை அப்படித்தான் சமாளிக்கிறது. ஆனால் யுஎஸ்பி 3 இரைச்சல் பட்டை நெடுகப் பரவிக் கிடக்கும். தாவிப் போக இடம் ஏது?

டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டு, சோபாவில் உட்கார்ந்து பத்து முறை அமுக்கினேன். இவ்தெஸ்டில் மூன்றுதான் வந்தது. பண்டிகை நாளில் கடை ஏது. மேஜை டிராயரில் பழைய யுஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்று கிடந்தது, ஒரு மீட்டர் இருக்கும். டாங்கிளை அதன் முனையில் மாட்டி, டிவி ஸ்டாண்டின் முன்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். நகலெடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி பத்து முறை. பத்தும் வந்தது. பார்க்க லட்சணமாக இல்லைதான்.

ஜனவரி 15, புதன்

இன்று அப்பா தனியாக ஒரு முழுப்படம் பார்த்தார். ஒரு சின்ன மனக்குறை மட்டும்: கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டு எடுத்தால் முதல் அமுக்கு வீணாகிறது. செல்லை மிச்சம் பிடிக்க ரிமோட் தூங்கிவிடும், முதல் அமுக்கில் எழுந்து தொடர்பு பிடிக்க ஒரு விநாடி போய்விடும். விளக்கிச் சொன்னேன். "நான்கூடத்தான் ஒரு கூப்பாட்டுக்கு எழுந்திரிக்க மாட்டேன்" என்றார், அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

படம் முடிந்ததும் நல்ல பிள்ளையாக சிவப்புப் பவர் பட்டனை அமுக்கினார். டிவி அணையும் என்று நினைத்திருக்கிறார். டிவி அணையவில்லை, கம்ப்யூட்டர் படாரென்று அணைந்தது. ரிமோட்டும் கீபோர்டு ஜாதிதானே, அதன் பவர் விசையை, லினக்ஸில் தொடக்கம், அணைப்பு எல்லாம் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி என்ற நிரல், பெட்டியின் சொந்தப் பவர் பட்டன் மாதிரியே எடுத்துக்கொள்கிறது. சிஸ்டம்டியிடம் பவர் விசையையே கண்டுகொள்ளாதே என்று சொல்லலாம். ஆனால் பெட்டியின் பட்டனும் சேர்ந்து செத்துவிடும். அதனால் பழைய எச்டபிள்யூடிபி கோப்பிலேயே இன்னொரு வரி: பவர் பட்டனின் குறியீடான சி0030 வந்தால் எஸ் என்ற எழுத்தாக எடுத்துக்கொள். கோடியில் எஸ் அமுக்கினால் அணைக்கும் மெனு வரும். இப்போது சிவப்பை அமுக்கினால் அணைக்கட்டுமா என்று கேட்கிறது, ஓகே சொன்னால்தான் அணைகிறது. இம்முறை இடைவெளியை மறக்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

ராத்திரி ரயில். அதற்குள் ஒன்று பாக்கி. அணைத்த கம்ப்யூட்டரை ரிமோட்டால் எழுப்ப முடியாது. அது அணைந்தால் டாங்கிளுக்கும் உயிர் இல்லை. அப்பா குனிந்து டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பட்டன் தேடக் கூடாது. பயாஸ் என்ற, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், கரண்ட் திரும்ப வந்தால் தானாக எழுந்துகொள் என்ற அமைப்பைப் போட்டேன். இனிமேல் சுவரில் ஸ்விட்ச் போட்டால் போதும், முக்கால் நிமிஷத்தில் கோடி வந்து நிற்கிறது, புளூடூத்தும் தானாகவே உயிர்பெற்றுவிடுகிறது. மெனுவில் அணைத்துவிட்டுத்தான் ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்பதை மட்டும் மூன்று முறை சொன்னேன். "வாத்தியாருக்கே பாடமா?" என்றார்.

கிளம்பும்போது பார்த்தேன், குட்டிக் கீபோர்டை அம்மா பரணுக்கு அனுப்பிவிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் அப்பாவிடமிருந்து போன். "ரெண்டு நாளா ரிமோட் வேலை செய்யல. உன் நீலப்பல்லு ராஜா கோவிச்சிக்கிட்டாரு போல."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்டேட் ஏதாவது கோப்பை அழித்துவிட்டதா, பேரிங் போய்விட்டதா, டாங்கிள் டேப்போடு விழுந்துவிட்டதா? டேப்பைப் பார்க்கச் சொன்னேன், ஒட்டியபடியே இருக்கிறது. ஹோம் பட்டனை அமுக்கி விளக்கு எரிகிறதா பாருங்கள் என்றேன். எரியவில்லை. பின்மூடியைத் திறந்து செல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்றேன்.

சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உள்ள செல்லே இல்லையேப்பா."

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "டிவி ரிமோட்டுல செல்லு தீந்துட்டு. அதான் அதுலருந்து எடுத்துப் போட்டேன். ஏன், அதுக்கும் செல்லு வேணுமா?"

கடையில் இரண்டு செல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

"நாலா வாங்கிக்கிடுதேன்" என்றார் அப்பா.