எது முதலில் வற்றும்: தண்ணீரா, பாலா, கோலாவா?

தண்ணீர், பால், கோலா, பழச்சாறு, கடுங்காப்பி எல்லாவற்றையும் திறந்து வைத்தால் தண்ணீர்தான் முதலில் வற்றும், மற்றவற்றில் ஏதோ கரைந்திருக்கிறதே என்பார்கள். சரிதான். ஆனால் முதல் சில மணி நேரத்தில் அந்த வித்தியாசம் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது.

கோலாவில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். ஆவியாவதில் எடை முக்கியமில்லை, மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் கணக்கு. ஒரு சுக்ரோஸ் (சாதாரண சர்க்கரை) மூலக்கூறு தண்ணீர் மூலக்கூறைப் போல 19 மடங்கு கனம். அதனால் ஒரு சர்க்கரை மூலக்கூறுக்குத் தண்ணீர் மூலக்கூறுகள் 170க்கு மேல் இருக்கும். ஆவியழுத்தம், அதாவது நீர் ஆவியாக வெளியேறத் தள்ளும் அழுத்தம், குறைவது அரை சதவீதத்தை ஒட்டித்தான். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், மீதி 30 சதவீத இடைவெளிதான் ஆவியாதலை நடத்துகிறது, அதனால் அந்தக் குறைவு ஆவியாகும் வேகத்தில் 2 சதவீதமாகத் தெரியும். தண்ணீர் 30 கிராம் இழக்கும்போது கோலா 29.4 கிராம் இழக்கிறது. ஒரு கிராம் வரை மட்டும் காட்டும் சமையலறைத் தராசில் இதைப் பிடிக்க முடியாது.

அப்படியிருந்தும் பலருக்குப் பெரிய வித்தியாசம் கிடைக்கிறதே என்றால், அளக்கும்போது நேரும் பிழைதான் காரணம். கோலாவைத் திறந்த உடனே எடை போட்டால், கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் கணக்கில் சேர்ந்துவிடும். 200 மில்லிக்கு ஒரு கிராமுக்கு மேலேயே போகும். முதல் நாளே ஊற்றி, நன்றாகக் கலக்கி, வாயு போகவிட்டு, மூடி வைக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த பாலில் தவறு எதிர்ப்பக்கம்: பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்த்து எடை கூடும். எல்லாம் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே தொடங்குங்கள். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால் தண்ணீரின் ஆவியழுத்தம் 1.8 மடங்காகிறது. ஒரு டிகிரி வித்தியாசமே சர்க்கரையின் விளைவை விழுங்கிவிடும்.

டம்ளர் வேண்டாம், ஒரே அளவுள்ள அகலத் தட்டுகள் போதும். 8 செ.மீ. விட்டமுள்ள டம்ளரில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 5 கிராம்தான். தண்ணீர்த் தட்டு இரண்டு வையுங்கள், வரிசையின் இரு முனையிலும் ஒன்றாக. அவை இரண்டுமே ஒத்துப்போகாவிட்டால் காற்றோட்டம் சீராக இல்லை. மணிக்கொரு முறை இடம் மாற்றுங்கள். ஒப்பிட வேண்டியது இழந்த கிராமை, சதவீதத்தை அல்ல. 100 மில்லி பால் 103 கிராம் இருக்கும். வெயிலிலும் வைக்க வேண்டாம், காப்பியின் கருமை வெப்பத்தை இழுத்து அதைத் தண்ணீரையே முந்த வைத்துவிடும். 6 மணி நேரத்துக்குள் முதல் கட்டத்தை முடித்துவிடுங்கள். அதற்குமேல் பால் திரியலாம், பழச்சாறு புளிக்கும்.

பாலுக்கு மட்டும் ஒரு தனிக் குணம். மேலே ஆடை படிந்தால் ஆவி போக வழி குறுகும். கரண்டியால் ஆடையை ஒதுக்கினால் வேகம் மீளும்.

உண்மையான வேறுபாடு கடைசியில்தான். கோலாவின் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு போனபின் மிஞ்சுவது பாதிக்குப் பாதி சர்க்கரைப் பாகு. முழுதாகச் செறிந்த சுக்ரோஸ் பாகு 85 சதவீத ஈரப்பதத்தோடு சமநிலைக்கு வந்துவிடும். காற்று அதைவிட ஈரமாக இருந்தால் அது காயாது, ஈரத்தை உறிஞ்சும். பழங்களில் உள்ள சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கு அந்த வரம்பு 60களிலேயே வந்துவிடுகிறது. பழச்சாற்றுத் தட்டு நாள் கணக்கில் பிசுபிசுப்பது இதனால்தான். சர்க்கரையில்லா கோலா மட்டும் தண்ணீரைப் போலவே வற்றி, தட்டில் மெல்லிய பழுப்புக் கறையை விட்டுவிட்டுப் போகும்.