மணிக் கணக்கு

இலங்கையின் சிவனொளிபாதமலை உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தடவை அதை அடிப்பது வழக்கம். சரிபார்க்க அங்கே ஆளில்லை. நாமே எண்ணி நாமே அடிக்க வேண்டியதுதான்.

எட்டு வயதில் அப்பாயியோடு முதல் தடவை போனேன். எங்கள் லயத்திலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பத்துப் பேர் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து, இரவு நடக்கத் தொடங்கினோம். உச்சி 2,243 மீற்றர், படிகள் 5,000க்கும் மேல். கொழுந்துக் கூடை சுமந்த கால்கள் என்பதால் அப்பாயி நிற்காமல் ஏறினார். நான்தான் பிளேன்டீக் கடை வரும்போதெல்லாம் உட்கார்ந்தேன்.

என்னைக் கிளப்ப மாண்டவ்யர் கதையை எடுத்தார். மகாபாரதத்தில், ஆதி பருவத்தில் வருவது. செய்யாத திருட்டுக்குக் கழுவேற்றப்பட்ட முனிவர், தான் செய்த பாவம் என்ன என்று எமதர்மனிடமே கேட்கப் போகிறார். சின்ன வயதில் பூச்சியின் வாலில் புல்லைக் குத்தினாயே, அதற்குத்தான் என்கிறான் எமன். அறியாப் பிள்ளை செய்ததற்கு இவ்வளவா என்று முனிவர் அவனை மனிதனாகப் பிறக்கச் சபிக்கிறார். விதுரர் பிறந்தது அப்படித்தான். 14 வயது வரை செய்வது பாவத்தில் சேராது என்று வரம்பு வைத்தவரும் அந்த முனிவரே.

எனக்குத் திக்கென்றது. அந்த வாரம்தான் ஒரு தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டிருந்தேன். அப்புறம் நிம்மதி: எனக்கு எட்டுத்தானே!

அந்தத் தைரியத்தில் மணியை ஐந்து தடவை அடித்தேன். அப்பாயி முகத்தில் மாற்றமில்லை. அவருக்கு அது ஒன்பதாவது ஏற்றம். ஐந்து அடித்துவிட்டுக் கயிற்றை விட்டார்.

"குறையுதே அப்பாயி?"

"நீ கூட்டி அடிச்ச நாலக் கழிச்சிட்டேன். ஒனக்குப் பதினாலு ஆகுற வரைக்கும் வளக்குறவ கணக்குதான்யா."

வளர்ப்பவர் கணக்கு என்று கதையில் எங்குமே இல்லை. வளர்ந்த பிறகு தேடிப் பார்த்துவிட்டேன். அது அப்பாயி சேர்த்தது. முனிவர் விதியைவிட எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது, ஆனால் அன்று இறங்கும்போது அவர் கையைப் பிடிக்கவே கூச்சமாக இருந்தது.

போன மாசியில் மகனைக் கூட்டிப் போனேன். அவனுக்கு முதல் ஏற்றம், எனக்கு ஆறாவது. உச்சியில் இருக்கும் பாதச் சுவட்டைப் பார்க்க, சிவன் பாதம் என்று நாங்களும் புத்தர் பாதம் என்று சிங்களவர்களும் ஒரே வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்றோம். அவன் மணியை இரண்டு தடவை அடித்தான். நான் பார்த்த பார்வையில், "ஒண்ணு தங்கச்சிக்குப்பா, அவளால ஏற முடியாதுல்ல" என்றான்.

கயிறு பனியில் நனைந்து சில்லென்றிருந்தது. ஐந்து அடித்து நிறுத்தினேன். பின்னால் வெள்ளைச் சேலையில் நின்ற ஓர் அம்மா, முடிந்ததா என்பதுபோல் என்னைப் பார்த்தார். மகன் என் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆறாவதையும் அடித்துவிட்டு நகர்ந்தேன்.