யாரும் படுக்காத மேசைக்கு ஓடும் மின்சாரம்

எங்கள் ஸ்கேன் பிரிவில் விரயத்தைக் குறைக்கும் வேலை என் தலையில் விழுந்ததற்குத் தகுதி எதுவும் காரணமில்லை. அந்தக் கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன். நான் உள்ளே நுழைந்த நேரம் மற்ற எல்லாரும் தலையைக் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்த தலை என்னுடையது மட்டும். சிடியிலும் எம்ஆர்ஐயிலும் பல வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். மின்சாரத்தைப் பற்றி அன்றுவரை எனக்குத் தெரிந்தது, அது போனால் எல்லாரும் கத்துவார்கள் என்பதுதான்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அங்கேயே முட்டிக்கொண்டோம். சிடி, எம்ஆர்ஐ, அதைக் குளிர்விக்கத் தண்ணீரைக் குளிராக்கி அனுப்பும் சில்லர், ரிப்போர்ட் அறை ஏசி எல்லாம் ஒரே பேனலில் இருந்தன, தனி மீட்டர் கிடையாது. மின் பராமரிப்பில் இருக்கும் அண்ணன் ஒருவர், வயரைச் சுற்றி மாட்டி அளவைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை எங்கிருந்தோ தூசி தட்டி எடுத்து வந்தார். ஒவ்வொரு ஸ்கேனருக்கும் இரண்டு வாரம் மாட்டி வைத்தோம்.

சிடியின் வரைபடம் வந்ததும் கருவிதான் பழுது என்று நினைத்தோம். ஸ்கேன் ஓடும் நொடிகளில் கோடு ஊசி மாதிரி ஏறி இறங்கியது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கடைசி நோயாளி போன பிறகும் கோடு கீழே வரவில்லை. பகலில் ஒருவர் இறங்கி அடுத்தவர் படுப்பதற்கு நடுவே எந்த உயரத்தில் நின்றதோ, அதே உயரத்தில் விடியும்வரை ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஓடியது.

"தம்பி, ராத்திரி பூரா யாருக்கு ஸ்கேன் எடுக்கிறீங்க?" என்று கேட்டார் அண்ணன்.

இது எங்கள் கருவியின் தனிக்குணம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 3 சிடி, 4 எம்ஆர்ஐ கருவிகளை அளந்து 2020ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சிடி இழுத்த மின்சாரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, யாரையும் ஸ்கேன் செய்யாமல் சும்மா காத்திருந்த நேரத்தில் போயிருக்கிறது. எம்ஆர்ஐயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அணைத்த நிலையிலேயே போயிருக்கிறது. அதைப் படித்ததும் கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் எரிச்சல். இத்தனை வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கண்ணில் படவில்லையே!

எங்களிடம் இரண்டு சிடி. ஒன்று அவசர சிகிச்சைக்கு, அதைத் தொடும் பேச்சே இல்லை. மற்றது மாலையோடு முடிந்துவிடும். அதை இரவில் அணைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, பயம்தான் காரணம். ஓடுகிற மெஷினை ஏன் தொட வேண்டும், காலையில் எழுந்திருக்காவிட்டால் யார் பதில் சொல்வது என்று மூத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கேட்டோம். பிரேக்கரை இறக்கி மொத்தமாக அணைக்க வேண்டாம், எக்ஸ்ரேயைப் பிடிக்கும் டிடெக்டரின் சூடு மறுபடி நிலைக்கு வர நேரம் பிடிக்கும், அதற்கு முன் எடுத்தால் படத்தில் வளையம் விழும் என்றார். நாங்கள் உட்கார்ந்து இயக்கும் கன்சோலையும், படத்தை உருவாக்கும் கணினியையும் மெனு வழியாகவே அணைத்து, நோயாளி உள்ளே போகும் வளையமான கேன்ட்ரியைக் காத்திருப்பு நிலையில் விடுவதென்று முடிவானது.

மூன்றாம் நாள் காலை அது எழவில்லை. திரையில் பாதி நிரம்பிய பட்டை அப்படியே நின்றது. வெளியே வெறும் வயிற்றோடு நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு பாட்டி கதவைத் திறந்து, "ஏம்பா, இன்னும் ஆன் பண்ணலையா?" என்று கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று நான் சிரிக்கவில்லை. காரணம் சப்பையானது: முந்தைய இரவு அணைத்தவர், படங்கள் சர்வருக்குப் போய்ச் சேரும் முன்பே பட்டனை அழுத்தியிருக்கிறார். அப்புறம் இரண்டு விதி போட்டோம். அனுப்ப வேண்டிய வரிசை காலியானதைப் பார்த்த பிறகே அணைக்க வேண்டும். முதல் நோயாளிக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து ஆன் செய்து, எக்ஸ்ரே ட்யூபைச் சூடாக்கும் வார்ம்-அப்பும், அளவுகளைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷனும் முடிக்க வேண்டும். இதில் ஒரு எதிர்பாராத லாபமும் கிடைத்தது. தினம் ஒருமுறை அணைந்து எழுவதாலோ என்னவோ, நடுப்பகலில் உறைந்து நிற்பது குறைந்துவிட்டது.

எம்ஆர்ஐ கதை வேறு. அதன் காந்தம் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும் சுருள் அது. ஆவியாகும் ஹீலியத்தைத் திரும்பக் குளிர்விக்க கோல்ட் ஹெட் என்ற குளிரூட்டும் பகுதி இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த அறையில் கேட்கும் 'சிக்… சிக்…' சத்தம் அதுதான். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை நிம்மதி.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தச் சத்தம் நின்றது. நாங்கள் ஒட்டியிருந்த 'வேலை முடிந்ததும் அணைக்கவும்' தாளைப் படித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மிகுந்த பொறுப்போடு எம்ஆர்ஐ சில்லரின் பிரேக்கரையும் இறக்கிவிட்டான். சில்லர் நின்றால் கம்ப்ரஸர் நிற்கும். கம்ப்ரஸர் நின்றால் கோல்ட் ஹெட் நிற்கும். ஹீலியம் கொதிக்க ஆரம்பிக்கும். திரவத்திலிருந்து வாயுவானால் அது 700 மடங்குக்கு மேல் விரியும். பழைய வகைக் காந்தங்களில் ஆயிரம் லிட்டருக்கு மேல் இருக்கும், எங்களுடையதும் அந்த வகைதான். நல்லவேளை, இரவுப் பணியில் இருந்த அக்கா காதைத் தீட்டி வைத்திருப்பவர். சத்தம் இல்லையே என்று எட்டிப் பார்த்து, உடனே சர்வீஸுக்கு போன் செய்து, அவர்கள் சொன்னபடி வரிசையாக ஆன் செய்தார். ஹீலியம் அளவில் பெரிய இழப்பில்லை. பையன் மேல் தப்பில்லை, தாள் எழுதிய என்மேல்தான். மறுநாள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அணைக்கலாம் என்ற சுவிட்சுகளுக்குப் பச்சை டேப்பும், தொடவே கூடாதவற்றுக்குச் சிவப்பு டேப்பும் ஒட்டினோம். எம்ஆர்ஐயில் நாங்கள் செய்தது, கருவியே தரும் குறைந்த மின்சார நிலைக்கு இரவில் மாற்றுவது மட்டும். ரிப்போர்ட் அறை மானிட்டர்கள், ஆளில்லாத அறை ஏசி எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்த வேலை, சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்கேன் படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரிய ஊசியில் போடும் கன்ட்ராஸ்ட் மருந்தில்தான் என் மனசு அதிகம் உறுத்தியது. 100 மில்லி பாட்டிலில் 75 போதுமென்றால், மிச்சத்தை இத்தனை நாள் சிங்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தோம். 2022ல் ஷாங்காய் ஊரடங்கால் உற்பத்தி தடைப்பட்டு உலகமெங்கும் அயோடின் கன்ட்ராஸ்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சொட்டு சொட்டாக எண்ணினோம். தட்டுப்பாடு தீர்ந்ததும் பழைய பழக்கமே திரும்பிவிட்டது. இந்த மருந்து உடலில் மாறாமல் சிறுநீரில் வெளியேறும், சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் முழுக்கப் பிடிபடாது. எம்ஆர்ஐக்குப் போடும் கன்ட்ராஸ்டில் இருக்கும் கடோலினியம் என்ற உலோகமும் அப்படித்தான். ஆற்று நீரில் அது இருப்பதை ஜெர்மனியில் 1996லேயே கண்டு எழுதிவிட்டார்கள். இப்போது எடைக்கு ஏற்ற அளவு, அதற்கு ஏற்ற பாட்டில் என்று அட்டவணை வைத்திருக்கிறோம், பெரிய பாட்டிலைச் சுத்தம் கெடாமல் பலருக்குப் பயன்படுத்தும் இன்ஜெக்டர் குழாய்க்கும் கேட்டிருக்கிறோம். மிச்சத்தை ஒரு கேனில் சேர்க்கிறோம். முதல் மாதக் கேனைப் பார்த்த மருத்துவர் ஒருவர், "இவ்வளவா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

சரி, இன்னும் முடியாத ஒன்று. பழைய சிடியை மாற்றப் போகிறார்கள். டெண்டரில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: ஸ்கேன் ஓடாதபோது கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கும், அணைத்தால் எத்தனை நிமிடத்தில் தயாராகும்? விற்பனைக்கு வந்தவர், ஒரு சுற்றில் எத்தனை ஸ்லைஸ் படம் எடுக்கும் என்பதையும் கதிர்வீச்சுக் குறைப்பையும் மனப்பாடமாகச் சொன்னார். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு நிமிடம் என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பதில் மெயிலில் வர ஒன்பது நாள் ஆனது. அதில் ஓடும்போது எவ்வளவு என்று மட்டும் இருந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன்.