பழைய டீசல் எஸ்யூவி பார்க்கப் போறவங்களுக்கு

நம்ம ஈரோடு, கோயமுத்தூர் பக்கம் பழைய டீசல் எஸ்யூவி தேடற எல்லாருக்கும் சொல்றேனுங்க. இஞ்சின் ஆறிக் கிடக்கறப்பவே போய்ப் பாருங்க. பானெட் சூடா இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருப்பாங்க. இன்னொரு நாள் வர்றேன்னு திரும்பிடுங்க. காலையில முதல் ஸ்டார்ட்லதான் டீசல் இஞ்சின் உண்மையைக் காட்டும்.

நீலப் புகைன்னா ஆயில் எரியுது, டர்போ சீலோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கலாம். சூடான பின்னாடியும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா இன்ஜெக்டர், ஹெட் கேஸ்கெட் ரெண்டையும் சந்தேகப்படணும். ஐடிலிங்ல, அதாவது வண்டி நின்னபடி இஞ்சின் ஓடறப்ப, ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தா புகை குபுகுபுன்னு தள்ளுதா? அந்த வண்டி வேண்டாமுங்க, எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகை மாசைக் குறைக்கற விதி) டீசல்னா டிபிஎஃப்பைக் கவனமாப் பாக்கணும். கரியைப் பிடிச்சு வெச்சு எரிக்கற ஃபில்டர் அது, எரியறதுக்கு நல்ல சூடு வேணும். கடைவீதிக்கும் வீட்டுக்குமே ஓடின வண்டியில அடைச்சுக்கும். எரியறது அடிக்கடி பாதியில நின்னா டீசல் போய் இஞ்சின் ஆயிலோட கலந்து ஆயில் மட்டம் ஏறும். ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்ல மேல் கோட்டைத் தாண்டியிருந்தா விடாமக் கேளுங்க. ஃபில்டரையே கழட்டி எறிஞ்ச வண்டியைத் தொடாதீங்க. அந்தக் கரியை நம்ம குழந்தைங்கதான் சுவாசிக்குது.

சென்னிமலை மாதிரி ஒரு ஏத்தத்துல ஓட்டிப் பாருங்க. ஆர்பிஎம் (இஞ்சின் சுத்தற வேகம்) மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறலைன்னா கிளட்ச் முடிஞ்சது. ஃபோர் வீல் டிரைவ் இருந்தா மண்ரோட்டுல போட்டுப் பாருங்க.

சென்னைப் பதிவு வண்டின்னா 2023 டிசம்பர் வெள்ளத்துல நின்னதான்னு பாக்கணும். கார்பெட்டைத் தூக்கி அடியில சேறு, சீட் போல்ட்ல துரு இருக்கான்னு பாருங்க, இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்க.