சாந்த் ஷப்பெல்லில் புலம்பல் பாட்டு

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. புதன்கிழமை மாலை பாரிஸ் சாந்த் ஷப்பெல் ஆலயத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்ரானின் ‘டெனெப்ர்’ பாடல்கள் (புனித வாரத்தில் மெழுகுவத்திகளை அணைத்தபடி நடக்கும் வழிபாட்டுக்கானவை), டிக்கெட் கிடைத்துவிட்டது. மற்ற நாளில் அங்கே அடிக்கடி விவால்டியின் வயலின் இசைதான். வருகிற கூட்டத்துக்கு அது போதும்.

எருசலேம் அழிந்ததற்கு அழும், விவிலியத்தின் புலம்பல் ஆகமம்தான் இதன் வரிகள். எபிரேயத்தில் அது அகரவரிசைப் பாட்டு. லத்தீனுக்குப் போனபோது வரிசை குலைந்தாலும் ஆலெஃப், பேத், கீமெல் என்ற எழுத்துப் பெயர்கள் அப்படியே தங்கிவிட்டன. கூப்ரான் அவற்றுக்கும் மெட்டுப் போட்டார், 1714 வாக்கில், லோன்ஷான் கன்னியர் மடத்துக்காக. தவக்காலத்தில் ஓப்பெரா மூடிக்கிடக்கும். ஓப்பெராப் பாடகிகளைக் கேட்கவே பெரிய மனிதர்கள் வண்டி கட்டிக்கொண்டு அந்த மடத்துக்குப் போனார்களாம். பக்தி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்!

ஏப்ரல் 16, புதன், நள்ளிரவு

பக்கத்திலேயே நீதிமன்ற வளாகம் என்பதால் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக வேண்டும். கீழே அரண்மனை ஊழியர்களுக்கான தாழ்ந்த கூடம். குறுகலான சுழல்படி ஏறினால் அரசருடையது. அங்கே சுவரைத் தேட வேண்டும். சுற்றிலும் வண்ணக் கண்ணாடி, 15 சன்னல்கள், 1,113 காட்சிகள். பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி 1239-இல் இயேசுவுடையது என்று நம்பப்படும் முள்முடியை வாங்கினார். அதை வைக்கக் கட்டிய இந்த ஆலயம் 1248-இல் அர்ச்சிக்கப்பட்டது. முடிக்கு அந்தக் காலப் பிரெஞ்சுப் பணத்தில் 1,35,000 லிவ்ர், கட்டடத்துக்கு 40,000 என்கிறார்கள்.

இரண்டு சோப்ரானோ (உச்சக்குரல் பாடகிகள்), வில் போட்டு வாசிக்கும் ஒரு வியோலா த காம்பா, நீண்ட கழுத்துள்ள மீட்டு வாத்தியமான ஒரு தியோர்போ, சின்ன ஆர்கன். அவ்வளவுதான். ‘ஆலெஃப்’ என்று எடுத்தவர் அந்த ஒற்றைச் சொல்லை ஆலாபனை மாதிரி இழுத்துக்கொண்டே போனார். பொருள் சொல்லும் கடமை அந்த இடத்தில் இல்லை. குரல் தன் இஷ்டத்துக்கு அலைந்தது. அடுத்து ‘மக்கள் நிறைந்த நகரம் தனித்து உட்கார்ந்திருக்கிறதே’ என்ற வரி, பேச்சு போல, அலங்காரமே இல்லாமல்.

‘பாடம்’ என்று சொல்லப்படும் பகுதிகளில் மூன்றாவதில்தான் இரண்டு குரல்களும் சேர்ந்தன. ஒருத்தி பிடித்த சுரத்தை விடாமல் நிற்க, மற்றவள் அதற்கு ஒட்டினாற்போல் அடுத்த சுரத்தில் வந்து உரசுகிறாள். காது கூசுகிறது. கல்லும் கண்ணாடியும் அந்த உரசலை உடனே விட்டுவிடுவதில்லை. முதல் குரல் ஒரு படி இறங்கிய பிறகும் பழைய சுரம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

வழிபாட்டு முறைப்படி 15 மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். இங்கே பேட்டரி விளக்குகள். பரவாயில்லை, நிஜமாக அணைந்தவை சன்னல்கள்தான்: முதலில் சிவப்பு கருத்தது, நீலம் வெகுநேரம் தாக்குப்பிடித்தது.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி. முள்முடி இப்போது நோத்ர் தாம் பேராலயத்தில் இருக்கிறது. வரிசையைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

வீட்டில் ஷார்ப்பான்தியே என்ற பழைய பிரெஞ்சு இசையமைப்பாளரைக் கேட்டேன். யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியின் முகப்பு இசையால் எல்லோர் காதிலும் விழுந்தவர். 1698 முதல் 1704-இல் சாகும்வரை சாந்த் ஷப்பெல்லின் இசை ஆசிரியர் அவர்தான். அவரும் டெனெப்ர் நிறைய எழுதியிருக்கிறார். அங்கே அடுத்த முறை அவற்றைப் பாடினால் முதல் ஆளாகப் போவேன். அக்கா விவால்டிக்கு அங்கேயே டிக்கெட் போடலாமா என்று கேட்கிறாள். வேகமான வயலின் அந்த எதிரொலியில் கூழாகிவிடும், வேறு அரங்கம் பார் என்றேன். “கண்ணாடி பார்க்கத்தானேடி வர்றேன்” என்கிறாள்.